பேரேட்டைக் காவின கடையும் அரிசியைக் காவின கடையும்

யாழ்ப்பாணத்துக் காகில்ஸ் சதுக்கத்தில் கீழே பால்மாவும் மரக்கறியும் விற்கிறார்கள். மேலே திரையரங்கில் படம் ஓடுகிறது. 2013 இல் அந்தக் கட்டடம் திறந்தபோது, கொழும்பு நாகரிகம் வடக்குக்கு வந்துவிட்டது என்று பேசிவிட்டுச் சனம் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. வன்னியின் கடைகளைப் பற்றித் தடயம் தேடிக்கொண்டிருந்த எனக்கு அந்த மேல்மாடி உறுத்தியது. மளிகை விற்கிறவர்களுக்குத் திரையரங்குப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காகில்ஸின் ‘பூட்சிற்றி’ இருக்கிறது. அது யாருடையது என்று கேட்டால் பதில்கள் பலவிதம். சிலர் அமெரிக்கக் கம்பனி என்கிறார்கள். தானிய வியாபாரத்தில் உலகப் பெரியண்ணனாக இருக்கும் அமெரிக்கக் காகில் 1865 இல் அயோவா மாநிலத்தில் தொடங்கியது. பெயர் ஒன்றுதானே தவிர நம்முடைய கடைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நம்முடையது அதைவிட மூத்தது.

டேவிட் சைம் காகில் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் பிறந்தது 1826 இல். வில்லியம் மில்ன் என்பவரோடு அவர் சேர்ந்த இலங்கை வியாபாரம் 1844 இலிருந்து கணக்கிடப்படுகிறது. அப்போது காகிலுக்கு வயது பதினெட்டு. கோப்பித் தோட்டத் துரைமாருக்கு வேண்டியதை இறக்குமதி செய்து விற்ற கடை அது. 1896 இல் வரையறுக்கப்பட்ட கம்பனியானது. கோட்டை யோர்க் வீதியில் இன்றைக்கும் நிற்கும் செங்கல் மாளிகை எட்வேர்ட் ஸ்கின்னரின் வடிவமைப்பு. 1906 இல் முடிந்தது. கட்டடக்காரர் பெயர் முதற்கொண்டு எல்லாவற்றுக்கும் தாள் இருக்கிறது. அடுத்த ஆண்டே ஆர்னல்ட் ரைற் தொகுத்த பெருநூல், தலைநகரின் வியாபார நிறுவனங்களைப் படத்தோடு பதிந்து வைத்தது.

இதே காலத்து வன்னியைத் தேடினால் ஜே. பி. லூயிஸ் 1895 இல் எழுதிய வன்னி மாவட்டக் கைந்நூல் கிடைக்கிறது. குளங்கள், காய்ச்சல், குறைந்த குடித்தொகை பற்றிய துரைமார் அறிக்கை அது. உப்புக்கும் துணிக்கும் சனம் எங்கே போனது, யாரிடம் கடன் வைத்தது என்பதை அதில் தேடுகிறவர் ஏமாந்து போவார். காட்டையும் குளத்தையும் எண்ணியவர்களுக்குக் கடை ஒரு பொருட்டில்லை.

மேல்மாடி மர்மத்துக்கு வருகிறேன். 1946 இல் காகில்ஸை வாங்கியவர் ஒரு தமிழர்: சிற்றம்பலம் ஏபிரகாம் கார்டினர். பின்னாளில் ‘சேர்’ பட்டம் பெற்றவர், செனட்டர். அவருடைய முதல் தொழில் மளிகை அல்ல, சினிமா. 1928 இல் சிலோன் தியேட்டர்ஸைத் தொடங்கி நாடெங்கும் படமாளிகைகளை நடத்தியவர். சிங்களப் பேசும்படத்தின் முதல் ஆண்டான 1947 இல் வந்த ‘அசோகமாலா’ அந்த நிறுவனத்தின் தயாரிப்பு. 1981 இல் சிலோன் தியேட்டர்ஸே காகில்ஸின் கட்டுப்பாட்டைக் கைப்பற்ற, அல்பேர்ட் பேஜ் தலைமைக்கு வந்தார். அன்றிலிருந்து பேஜ் குடும்பத்தின் கையில்தான் கடிவாளம். சிலோன் தியேட்டர்ஸ் இன்று சி.ரி. ஹோல்டிங்ஸ் என்று பங்குச் சந்தையில் நிற்கிறது. ஆக, படமாளிகைக்காரர்தான் மளிகைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் மளிகைக்கு மேலே படம் ஓடுவதில் வியப்பேதும் இல்லை.

கொழும்பில் கார்டினர் பெயரால் ஒரு வீதி இருக்கிறது. தேசிய சுவடிகள் திணைக்களம் இருப்பது இன்னொருவர் பெயரிலான வீதியில், பிலிப் குணவர்த்தன மாவத்தையில். வன்னிக் கடையைத் தேடி வருகிறவருக்கு இந்த இரண்டாவது பெயர்தான் முக்கியம். 1956 அரசாங்கத்தில் உணவு, விவசாய அமைச்சராக இருந்த பிலிப் குணவர்த்தனதான் 1957 இல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களைக் கொண்டுவந்தார். வன்னியின் சங்கிலிக் கடை அதுதான். சனத்தின் வாயில் அது ‘சங்கக்கடை’. இரண்டாம் உலக யுத்த காலமான 1942 இல் தொடங்கிய அரிசிக் கூப்பன் முறையும் சங்கக்கடையோடு ஒட்டிக்கொண்டது. ஒரு முகாமையாளர், ஒரு தராசு, கூப்பன் வெட்டக் கத்தரிக்கோல், மாதம் முடிய உதவி ஆணையாளர் அலுவலகத்துக்குக் கணக்கு. பேஜ் குடும்பத்துக்கு முன்னரே ஊருக்கு ஊர் ஒரே பெயர்ப்பலகை, ஒரே விலை என்பது நம்மிடம் இருந்தது. முதலாளிதான் இல்லை.

சங்கக்கடையின் நல்ல காலம் 1970 முதல் 1977 வரை என்று பழையவர்கள் எல்லோரும் அடித்துச் சொல்வதில்லை. பாண் வரிசையையும் அரிசித் தட்டுப்பாட்டையும் அவர்கள் மறக்கவில்லை. ஆனால் வன்னித் தோட்டக்காரருக்கு அது பொற்காலம். மிளகாயும் வெங்காயமும் இறக்குமதியாகாததால் முத்தையன்கட்டு, விசுவமடுப் பக்கத்தில் காணி எடுத்த படித்த வாலிபர்கள் செத்தல் மிளகாயில் கல்வீடு கட்டினார்கள், உழவு இயந்திரம் வாங்கினார்கள். 1977 இறுதியில் ஜே. ஆர். ஜெயவர்த்தன அரசு சந்தையைத் திறந்தது. இறக்குமதிச் செத்தல் வந்து இறங்க, விலை விழுந்தது.

என் தேடலின் திருப்பம் இங்கேதான். திறந்த பொருளாதாரம் கொண்டுவந்த இறக்குமதிச் சாமான் இல்லாமல் 1983 இல் கொழும்பு ஸ்டேபிள் வீதியில் முதலாவது பூட்சிற்றிக்கு அலுமாரி நிரம்பியிராது. வன்னி மிளகாயை வீழ்த்திய கொள்கையும் அந்த அலுமாரியை நிரப்பிய கொள்கையும் ஒன்றே. கம்பனி வரலாற்றில் முதற்பாதி இராது. விவசாயி வரலாற்றில் பின்பாதி இராது. இரண்டு ஆவணக் கட்டுகளையும் ஒரே மேசையில் விரித்தால்தான் தெரியும். இன்னொன்றும் தெரியும்: சிலோன் தியேட்டர்ஸ் காகில்ஸைப் பிடித்த 1981 இல்தான் யாழ். பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிந்தது. பூட்சிற்றி திறந்த 1983, ஆடிக் கலவரத்தின் ஆண்டு. அடிபட்டு ஓடி வந்த மலையகக் குடும்பங்கள் வன்னிக் காட்டோரங்களில் குடியேறின. ஒன்றுக்கு மற்றது காரணமில்லை. ஆனால் ஓர் ஆவணம் தொடர, மற்றது அறுந்த கதை அந்த ஆண்டுகளில் இருக்கிறது.

1990 க்குப் பிறகு வன்னியின் கடை வரலாற்றை அரசின் பொருளாதாரத் தடைப்பட்டியலில்தான் வாசிக்க வேண்டும். பற்றறி, சீமெந்து, உரம், எரிபொருள்: எது வரக்கூடாதோ அதுவே எழுத்தில் இருக்கிறது. அந்தத் தடைக்குச் சனம் கண்ட பதில் எழுத்தில் குறைவு, நினைவில் நிறைய. ஜாம் போத்தலில் பஞ்சு வைத்து மண்ணெண்ணெய் விளக்கு. சொட்டுப் பெற்றோலில் உதைத்து, மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள். இதில் ஒரு குறும்பும் இருக்கிறது: காகில்ஸைத் தொடங்கிய அதே டேவிட் காகில்தான் 1886 இல் பர்மா ஓயில் கம்பனியையும் நிறுவியவர். மண்ணெண்ணெய் விற்றுப் பெருத்த கம்பனி அது.

எழுத்துத் தடயம் வேண்டுமென்றால் பழைய மலர்களைப் புரட்டுங்கள். கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை விழா மலர், ‘ஈழநாதம்’ பத்திரிகை. கட்டுரைகளைத் தாண்டிக் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். அங்கேதான் புடவைக்கடையும் பலசரக்குக் கடையும் தங்கள் முகவரியோடு வாழ்த்துச் சொல்லி நிற்கின்றன. ஒரு கடை கிளிநொச்சியிலிருந்து மல்லாவிக்கும், பிறகு புதுக்குடியிருப்புக்கும் இடம் மாறிய கதையை விளம்பரங்களின் முகவரியை அடுக்கியே எழுதிவிடலாம். நூலகம் நிறுவனம் 2005 இலிருந்து மின்வடிவில் சேர்த்து வருவதால் இவ்வளவாவது கைக்கு எட்டுகிறது.

ஓய்வுபெற்ற சங்கக்கடை முகாமையாளர் ஒருவரிடம், “ஐயா, பழைய பேரேடு ஒண்டும் மிஞ்சேல்லையோ?” என்று கேட்டேன்.

“தம்பி, இடம்பெயரேக்க அரிசியைக் காவுறதோ, பேரேட்டைக் காவுறதோ?” என்றார். பிறகு தானாகவே, “கடன் கொப்பி மட்டும் கொண்டு போனனான். ஆர் ஆர் தரோணும் எண்டு அதிலதான் கிடந்தது. கடைசிச் சண்டையில மாத்தளனில அதுவும் போச்சு” என்றார். கடன் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

2002 இல் ஏ9 வீதி திறந்ததும் தடைக்கால நிலைமை தலைகீழானது. கொழும்புச் சாமான் லொறி லொறியாக ஓமந்தையைத் தாண்டி வந்தது. புலிகளின் நிர்வாகம் நடத்திய பாண்டியன், சேரன் என்ற பெயர்களிலான வாணிபங்களும் சுவையகங்களும் வீதியோரத்தில் பளிச்சென்று நின்றன. குளிர்பானத்துக்கும் ஐஸ்கிறீமுக்கும் அன்றைய இளசுகள் அங்கேதான் போனார்கள். 2006 ஓகஸ்டில் வீதி மூடியது. 2009 ஜனவரி 2 இல் இராணுவம் கிளிநொச்சிக்குள் வந்தபோது ஊரில் சனம் இல்லை, கடையும் இல்லை. மீள்குடியேற்றத்தின் பிறகு வந்த பூட்சிற்றி அந்த வெறும் நிலத்தில்தான் பலகை நட்டது. வந்ததில் குற்றம் காண எனக்கு விருப்பமில்லை. வெயிலுக்குள் நடந்து வருகிறவருக்குக் குளிரூட்டிய கடையும் அச்சிட்ட விலையும் பிடிக்கத்தான் செய்யும். காகில்ஸ் 1999 இலிருந்து மலைநாட்டு விவசாயிகளிடம் மரக்கறியை நேரடியாக வாங்கத் தொடங்கிய கம்பனி. அதனால் வன்னி கேட்கவேண்டிய கேள்வி யார் முதலாளி என்பதல்ல. இங்கே விளைவதில் எவ்வளவு அந்த அலுமாரிக்கு ஏறுகிறது என்பதே.

கம்பனியின் வரலாற்றை எழுதக் கொழும்பில் ஒரு மேசை போதும். சங்கக்கடையின் வரலாறு உங்கள் வீட்டுப் பெட்டகங்களில் கிடக்கிறது. பழைய கூப்பன் புத்தகம், நிவாரண அட்டை, சங்கப் பங்குச் சான்றிதழ், கடைச் சிட்டை, கடன் கொப்பி எது இருந்தாலும் எரிக்காதீர்கள், பழைய பேப்பர்காரருக்கும் போடாதீர்கள். ஒரு படமாவது எடுத்து, ஊரும் ஆண்டும் எழுதி, நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பிவையுங்கள்.