157,79,17,500 நாட்கள்

1952 நவம்பரில் வானியற்பியலாளர் மேகநாத் சாகா தலைமையில் பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு அமைந்தது. இந்தியாவில் அப்போது ஏறத்தாழ முப்பது பஞ்சாங்கங்கள் வழங்கின. 1955இல் டெல்லியில் வெளியான அதன் அறிக்கை, பழைய கணிதத்தின் ஆண்டு பருவங்களின் ஆண்டைவிட ஏறத்தாழ ஒரு நாழிகை நீளம் என்று காட்டியது. அந்தக் கணிதத்தின் வேர் ஒரு பேரெண். ஆரியபட்டர் 43,20,000 ஆண்டுகள் கொண்ட மகாயுகத்துக்கு 157,79,17,500 நாட்கள் கொடுத்தார். சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூல் கொடுப்பது 157,79,17,828. இத்தனை இலக்கங்கள் முன்னோரின் நுட்பமான அவதானிப்புக்குச் சான்று என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஓராண்டின் நீளத்தை 43,20,000ஆல் பெருக்கினால் இலக்கங்கள் தாமாகவே பெருகும். இரு நூல்களுக்கும் இடையே யுகத்துக்கு 328 நாள், ஆண்டுக்குச் சுமார் ஆறரை நொடிதான் வேறுபாடு. விண்மீன்களை வைத்து இன்று அளக்கும் ஆண்டிலிருந்தோ இரண்டும் மூன்று நிமிடத்துக்கு மேல் விலகி நிற்கின்றன. வானத்தைவிடத் தமக்குள் இவ்வளவு நெருங்கியிருக்கும் எண்களின் கடைசி இலக்கங்களை வானத்தைப் பார்த்துப் பெற்றிருக்க முடியாது.

அப்படியானால் ஆரியபட்டரின் எண் வெறும் கற்பனையா என்று கேட்கலாம். அதன் வகுபடும் தன்மையைப் பார்த்தால் விடை கிடைக்கும். 157,79,17,500, 43,20,000 இரண்டும் 7,500ஆல் மீதியின்றி வகுபடும். எஞ்சுவது 576 ஆண்டுக்கு 2,10,389 நாள். 576 என்பது இரண்டையும் மூன்றையும் மட்டும் பெருக்கி வரும் எண். ஆகவே அறுபது அறுபதாகப் பிரிக்கும் நாழிகைக் கணக்கில் பின்னம் இழுத்துக்கொண்டே போகாமல் மூன்றாம் படியிலேயே முடிந்துவிடுகிறது. ஆண்டு என்பது 365 நாள், 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை. ஏழு நாள் வாரங்களைக் கழித்தால் மிஞ்சுவது 1 நாள் 15-31-15. சென்ற வருஷப் பிறப்பின் கிழமையோடும் நேரத்தோடும் இதைக் கூட்டினால் இந்த வருஷப் பிறப்பு கைக்கு வந்துவிடும். சூரிய சித்தாந்த எண்ணுக்கு இந்தச் சலுகை இல்லை: பொதுக் காரணி 4 மட்டுமே, பின்னம் இன்னொரு படி நீண்டு 15-31-31-24 ஆகிறது. தமிழ்நாட்டின் வாக்கியப் பஞ்சாங்கம் முன்னதைப் பற்றிக்கொண்டதில், மரபின் மீதுள்ள பற்றோடு, மனக்கணக்குக்கு அது இணங்கியதற்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

எளிமைக்காகப் பிழையைச் சுமக்கலாமா? இந்தக் கேள்வி நியாயமானது. மேஷப் பிறப்பு சம இரவு நாளிலிருந்து மூன்று வாரத்துக்கு மேல் நகர்ந்துவிட்டது. சாகா 1956இல் மறைந்தார். 1957 மார்ச் 22இல் அவரது குழு பரிந்துரைத்த தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அதிலும் வைசாகம் முதல் ஐந்து மாதங்களுக்கு 31 நாள், பிறவற்றுக்கு 30, மிகுநாள் ஆண்டில் சைத்திரத்துக்கு மட்டும் ஒன்று கூடுதல் என்றுதான் விதித்தார்கள். சூரியன் ஒவ்வொரு ராசியிலும் தங்கும் உண்மையான காலம் முழு நாட்களில் அடங்காது என்பது குழுவுக்கு நன்றாகவே தெரியும். மக்கள் எண்ணுவதற்கு ஏற்ற முழு எண்களை அவர்களும்தான் தேர்ந்தெடுத்தார்கள்.