உழைக்க இயலாதோரும் நீதிமன்றமும்

நோயால் தொழிலை இழந்த ஒருவன் அரசாங்கத்திடம் உதவித்தொகை கேட்கிறான். "உன்னால் வேறு வேலை செய்ய முடியும்" என்று கூறி அதிகாரிகள் மறுத்துவிடுகின்றனர். அம்மறுப்பை நீதிமன்றம் எவ்வளவு தூரம் ஆராயலாம்? இவ்வினாவுக்கு அமெரிக்க நாடு விடை கண்ட வரலாறு சிந்திக்கத் தக்கது.

அந்நாட்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935-ஆம் ஆண்டில் பிறந்தது. உழைக்க இயலாதோர்க்கு உதவித்தொகை வழங்கும் பிரிவு 1956-இல்தான் அதில் சேர்ந்தது. முதலில் ஐம்பது வயது நிரம்பியவர்களுக்கே அத்தொகை உரியதாயிருந்தது. 1960-இல் அவ்வரம்பு நீக்கப்பட்டது. பழைய தொழிலைச் செய்ய முடியாமை மட்டும் போதாது. ஊதியம் தரும் எவ்வேலையையும் செய்ய இயலாதிருத்தல் வேண்டும் என்பது விதி.

நீதிமன்றத்தின் அதிகாரத்திற்கும் சட்டம் எல்லை வகுத்தது. அதிகாரிகளின் முடிவுக்குப் போதிய சான்று இருந்தால் அதுவே இறுதியானது. நீதிபதி சான்றுகளைத் தாமே மீண்டும் எடைபோட்டு வேறு முடிவு சொல்லல் ஆகாது. ஆயினும் "போதிய சான்று" என்பது பெயரளவில் ஏதோ ஒன்று அன்று. அறிவுடையவர் ஏற்கத்தக்க ஆதாரமாக இருத்தல் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1938-லேயே விளக்கியிருந்தது.

இந்நிலையில், இதயநோயுற்ற மரச்சாமான் பழுதுபார்ப்பாளர் ஒருவரின் வழக்கு 1960-இல் நியூயார்க்கிலுள்ள கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்கு வந்தது. நீதிபதி ஹென்றி பிரெண்ட்லி இரண்டு கேள்விகளை எழுப்பினார். இவரால் என்ன செய்ய முடியும்? அவ்வளவே செய்யக்கூடியவருக்கு என்ன வேலை கிடைக்கும்? இரண்டாம் கேள்விக்கு அரசாங்கத்திடம் ஊகமன்றி விடையில்லை. ஏட்டளவில் உள்ள ஆற்றல் வயிற்றை நிரப்பாது என்பதை உணர்ந்த நீதிமன்றம், மேலும் சான்று திரட்டுமாறு வழக்கைத் திருப்பியனுப்பியது.

அதன் பயனாக, வேலைவாய்ப்பு வல்லுநர்களை அழைத்துச் சாட்சியம் பெறும் முறை வலுப்பெற்றது. ஆனால் வழக்காடியவரின் கதி என்ன? புதிய சான்றுகளின் மேல் அவர் கோரிக்கை மீண்டும் மறுக்கப்பட்டது. 1965-இல் அதே நீதிமன்றம் அம்மறுப்பை ஏற்றுக்கொண்டது. இம்முறை சான்று இருந்தது. எனவே நீதிமன்றத்தின் கை கட்டுண்டது.

1967-இல் காங்கிரஸ் அவை சட்டத்தை மேலும் இறுக்கியது. ஒருவர் வாழும் பகுதியிலோ நாட்டின் பல பகுதிகளிலோ அத்தகைய வேலை கணிசமான அளவில் இருந்தால் போதும். அருகில் வேலை உண்டா, காலியிடம் உண்டா, அவரைச் சேர்த்துக்கொள்வார்களா என்று பார்க்க வேண்டியதில்லை என்றாயிற்று.

எனினும் 1960-இன் தீர்ப்பு வீண்போகவில்லை. வேறு வேலை உண்டு என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது, அதைச் சான்றுடன் காட்ட வேண்டும் என்னும் நெறி நிலைத்தது. சான்றுகளைத் தானே மீண்டும் எடைபோட இயலாத நீதிமன்றமும், மறுப்பவரைக் காரணம் கூறச் செய்ய முடியும். வழக்காடியவர் தோற்றார், அவர் வழக்கில் எழுந்த கேள்வி பின்வந்தோர்க்குத் துணையாயிற்று.