வீடு வாங்கப் போறீங்களா? லோன் சாங்ஷன் ஆனது இருக்கட்டும்... உங்க வக்கீல் யாரு?

'பேங்க்லயே லீகல் பார்த்துட்டாங்களே, அப்புறம் எதுக்குத் தனியா ஒரு வக்கீல்?' முதல் வீடு வாங்குபவர்களில் பாதிப் பேர் கேட்கும் கேள்வி இது. டைல்ஸ் கலரை முடிவு செய்ய மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அலைவோம். மாடுலர் கிச்சனுக்கு நாலு பேரிடம் கொட்டேஷன் கேட்போம். 20 வருஷம் இ.எம்.ஐ கட்டப்போகும் சொத்தின் பத்திரத்தைப் படித்துப் பார்க்கும் ஆளை மட்டும் புரோக்கரோ, பில்டரோ, பேங்க்கோ கைகாட்டினால் சரி என்று தலையாட்டிவிடுவோம்.

பேங்க் வக்கீல் தப்பானவர் என்று சொல்லவில்லை. அவர் பேங்க்கின் வக்கீல், அவ்வளவுதான். நீங்கள் வாங்கும் சொத்தை அடமானமாக எடுத்துக்கொண்டு கடன் கொடுக்கலாமா என்பதுதான் அவரிடம் கேட்கப்படும் கேள்வி. அவர் தரும் ஒப்பீனியன் பேங்க்கின் பெயருக்குத்தான் போகும். பல இடங்களில் ஃபீஸை உங்களிடம் வசூலித்துவிட்டு, ரிப்போர்ட்டின் நகலைக்கூட உங்கள் கையில் தரமாட்டார்கள். நாளைக்குச் சொத்தில் பிரச்னை வந்தால் பேங்க் உங்கள் சம்பளத்தைப் பார்க்கும், ஜாமீன் போட்டவரைப் பார்க்கும். இ.எம்.ஐ நிற்காது. வீடு நிற்குமா என்பது உங்கள் கவலை மட்டும்தான்.

இன்னொரு குழப்பம், பத்திர எழுத்தர். சார் பதிவாளர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருப்பவர் பதிவுத்துறையின் உரிமம் பெற்று ஆவணம் எழுதித் தருபவர். பல வருஷ அனுபவத்தில் சிலர் வக்கீலையே மிஞ்சும் அளவுக்கு விவரம் வைத்திருப்பார்கள், உண்மைதான். ஆனாலும் அவர் வேலை எழுதுவது. விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்கிறதா என்று ஆராய்ந்து கருத்து சொல்வது வக்கீலின் வேலை.

சரி, ரிஜிஸ்டர் ஆகிவிட்டால் சொத்து நம்முடையதுதானே? அங்கேதான் சிக்கல். நம் நாட்டில் பதிவாவது ஆவணம்தான். உரிமைக்கு அரசாங்கம் கியாரன்டி கொடுப்பதில்லை. விற்பவருக்கு உரிமை உண்டா இல்லையா என்று தீர்மானிப்பது சார் பதிவாளரின் வேலை அல்ல என்பதை, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. பட்டா உங்கள் பெயருக்கு மாறினாலும் இதே கதைதான். அது வருவாய்த்துறையின் பதிவு. அதை மட்டும் வைத்து உரிமையை நிரூபிக்க முடியாது.

ஏன் அந்த ஊர் வக்கீல்?

சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு திருச்சியில் மனை வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தெரிந்த ஹைகோர்ட் வக்கீலிடம் வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப் அனுப்பி, 'கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க சார்' என்று கேட்பது சுலபம். கொடுத்த காகிதத்தில் இருப்பதை அவர் சரியாகவே படிப்பார். பிரச்னை, காகிதத்தில் இல்லாததில் இருக்கிறது.

முதலில் வில்லங்கச் சான்று. பெரும்பாலான ஆபீஸ்களில் 1975 வாக்கிலிருந்துதான் ஆன்லைனில் கிடைக்கும். அதற்கு முந்தையதை மேனுவலாக மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும். கூடவே, ஒரு கிராமம் பல வருஷம் ஒரு சார் பதிவாளர் ஆபீஸின் கீழ் இருந்து, பிறகு புதிதாகத் திறந்த வேறு ஆபீஸுக்கு மாற்றப்பட்டிருக்கும். புதிய ஆபீஸில் மட்டும் தேடினால் பழைய அடமானம் ஒன்று கண்ணில் படாமலே போகலாம். எந்தக் கிராமம் எப்போது எங்கே இருந்தது என்பது அந்தப் பக்கத்து வக்கீலுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

அடுத்தது சர்வே நம்பர். 1979-ல் தொடங்கி 80-களில் தமிழ்நாடு முழுக்க யு.டி.ஆர் என்ற நிலப் பதிவேட்டுத் திட்டம் நடந்தது. அதில் நம்பர்கள் மாறின, உட்பிரிவுகள் மாறின, சில இடங்களில் பட்டாவில் பெயரே தப்பாக ஏறியது. 1960-களின் தாய்ப் பத்திரத்தில் இருக்கும் நம்பரும் இன்றைய பட்டாவில் இருக்கும் நம்பரும் ஒரே நிலம்தானா என்று பொருத்திப் பார்ப்பது பெரிய வேலை. அ பதிவேடு, பழைய எஃப்.எம்.பி வரைபடம் என்று தாலுகா ஆபீஸ் படியேறும் ஆள் வேண்டும். கோயில் நிலம், வக்ஃப் நிலம், ஏரிப் புறம்போக்கு என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் வெளியூர்க்காரருக்கு மட்டும்தான் தெரியாமல் இருக்கும்.

மூன்றாவது, கோர்ட். சொத்தின் மேல் சிவில் வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் பெரும்பாலும் அது வில்லங்கச் சான்றில் வராது. வழக்கு நடக்கும்போது நீங்கள் வாங்கினால், தீர்ப்பு எப்படி வந்தாலும் அது உங்களையும் கட்டுப்படுத்தும். இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். இனிஷியல் மாறினால், எழுத்து மாறினால் சிக்காது. அந்த முன்சீஃப் கோர்ட்டில் தினமும் நிற்பவருக்கு, 'அந்தக் குடும்பமா... அண்ணன் தம்பி பாகப்பிரிவினை கேஸ் ஓடுதே' என்பது டீக்கடைப் பேச்சிலேயே தெரிந்துவிடும்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. உங்களுக்கு உள்ளூர் என்றால் விற்பவருக்கும் அவர் உள்ளூர்தான். அதே மனைப்பிரிவுக்கு புரமோட்டர் தரப்பில் பத்திரம் போட்டுக்கொடுத்தவரே உங்களுக்கும் ஒப்பீனியன் எழுதினால் அது ஒப்பீனியன் அல்ல, கமிஷன். 'விற்பவருக்கோ புரமோட்டருக்கோ நீங்க வேலை பார்த்திருக்கீங்களா சார்?' என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். நல்ல வக்கீல் கோபப்பட மாட்டார்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தியாவில் வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. எனவே 'நம்பர் 1 பிராப்பர்ட்டி லாயர், முதல் கன்சல்டேஷன் ஃப்ரீ' என்று இன்ஸ்டாவில் ரீல் ஓடினால் அதுவே முதல் கேள்விக்குறி. சொந்தத் தொழிலின் விதியையே மதிக்காதவர் உங்கள் பத்திரத்தில் எதை மதிப்பார்?

கேட்க வேண்டிய இடம் வேறு. அதே ஏரியாவில் இரண்டு, மூன்று வருஷத்துக்குள் வீடு வாங்கியவர்களைக் கேளுங்கள். 'நல்ல வக்கீலா?' என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். 'அவர் எந்தச் சொத்தையாவது வாங்காதீங்கன்னு சொல்லியிருக்காரா?' என்று கேளுங்கள். எல்லா ஃபைலுக்கும் 'கிளியர்' சொல்பவரைவிட, 'இது ஒத்துவராது தம்பி, விட்டுடுங்க' என்று ஒருமுறையாவது சொன்னவர் கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள். கிரிமினல் வழக்கில் பேர்போன வக்கீலாக இருந்து பயனில்லை. சிவில் பக்கம், அதிலும் சொத்து வழக்கு நடத்துபவர் வேண்டும். பாகப்பிரிவினை வழக்கில் நாலு பேர் தோற்றதைப் பார்த்தவருக்குத்தான் எந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும்.

தமிழ்நாடு - புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்த ஒவ்வொரு வக்கீலுக்கும் ஓர் என்ரோல்மென்ட் நம்பர் உண்டு. அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஒப்பீனியனிலும் அந்த நம்பர் இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், முதல் சந்திப்பில் அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பது. ஜெராக்ஸைப் புரட்டிவிட்டு, 'எல்லாம் ஓகே, எப்போ ரிஜிஸ்ட்ரேஷன்?' என்பவரிடமிருந்து நைசாக எழுந்து வந்துவிடலாம். 'ஒரிஜினல் யார்கிட்ட இருக்கு? நீங்க கண்ணால பார்த்தீங்களா? விற்கிறவரோட அப்பா உயிரோட இருக்காரா? கூடப்பிறந்தவங்க எத்தனை பேர்?' என்று ஆரம்பித்தால், சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள்.

ஏன் அப்பா, அக்கா, தங்கை எல்லாம்? விழுந்தவர்கள் அதிகம் விழும் குழி அதுதான். இந்துவான ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்துபோனால், அவருடைய சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு உண்டு. அவருடைய அம்மா உயிரோடு இருந்தால் அந்த அம்மாவுக்கும் உண்டு. பாட்டியை மறந்துவிட்டுப் போட்ட பத்திரங்கள் ஏராளம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் உரிமை என்று 2005-ல் சட்டத் திருத்தம் வந்தது. அதற்கு அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாக நடந்த பாகப்பிரிவினை, விற்பனைகளை அந்தத் திருத்தம் தொடாது. ஆக, 'தங்கச்சிக்குக் கல்யாணத்துல நகை போட்டாச்சு சார், அவ கேட்க மாட்டா' என்பது வீட்டுப் பேச்சு. விடுதலைப் பத்திரம் எங்கே என்பதுதான் வக்கீல் கேட்கும் கேள்வி. கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்கு வாரிசுக் கணக்கே வேறு. அதுவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சங்கிலியில் மைனர் சொத்து இருந்தால், கோர்ட் அனுமதி இல்லாமல் அப்பா அம்மாவே விற்றிருந்தாலும் அந்தப் பிள்ளை வளர்ந்து வந்து ரத்து கேட்கலாம். பவர் வாங்கியவர் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் இப்போது உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமே இல்லை என்பதால் வில்லங்கச் சான்றில் உயில் தெரியாது. வில்லங்கம் 'நில்' என்று வந்ததும் ஸ்டேட்டஸ் வைக்கும் நண்பர்களுக்கு இதை ஃபார்வர்டு செய்யலாம்.

மனையாக இருந்தால் டி.டி.சி.பி அல்லது சி.எம்.டி.ஏ அங்கீகாரம் பார்க்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு என்றால், 2016 அக்டோபர் 20 என்ற தேதியை வைத்துத்தான் வரன்முறைத் திட்டமே இருக்கிறது. ஃப்ளாட் என்றால், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ, எட்டு வீடுகளுக்கு மேலோ கட்டும் புராஜெக்ட் ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். யு.டி.எஸ் கணக்கு பில்டர் சொன்னதோடு பொருந்துகிறதா என்பதையும் வக்கீலே கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஃபீஸ் எவ்வளவு?

ஊருக்கு ஊர், ஃபைலுக்கு ஃபைல் மாறும். வெறும் ஒப்பீனியன் மட்டுமா, தாலுகா ஆபீஸ் அலைச்சலும் சேர்த்தா, அக்ரிமென்ட், கிரயப் பத்திரம் எழுதுவதும் சேர்த்தா என்று முன்கூட்டியே பேசி, மெசேஜிலாவது பதிவு செய்துகொள்ளுங்கள். பொதுவாகச் சில ஆயிரங்களில் முடிகிற விஷயம். 60 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீட்டுக்கு 7% முத்திரைத்தீர்வை, 2% பதிவுக் கட்டணம் என்று 5.40 லட்சம் ரூபாயை அரசாங்கத்துக்குக் கட்டப்போகிறோம். அந்த ஆயிரங்களில் பேரம் பேசுவது வேண்டாத வேலை. அதே சமயம், சொத்து மதிப்பில் சதவிகிதம் கேட்பவரை நான் தவிர்ப்பேன். டீல் முடிந்தால்தான் காசு என்று ஆகிவிட்டால் 'வேண்டாம்' என்ற வார்த்தை எப்படி வரும்?

ஒப்பீனியன் வாய்வார்த்தையாக இருக்கக் கூடாது. எந்தெந்த ஆவணங்களைப் பார்த்தார், எந்த வருஷத்திலிருந்து தேடினார், எது இன்னும் வரவில்லை என்பதெல்லாம் கையெழுத்தோடு எழுத்தில் வேண்டும். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வக்கீலின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தப்பு நடந்தால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது. தொழில் ஒழுங்கீனம் என்றால் பார் கவுன்சிலில் புகார், நஷ்டம் என்றால் சிவில் வழக்கு. இரண்டுக்கும் எழுத்தில் ஏதாவது இருந்தால்தான் ஆகும்.

விற்பவருக்கும் வக்கீல் வேண்டுமா?

வேண்டும். வேலை கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். எப்போதோ அடைத்த ஹோம் லோனின் அடமானப் பதிவு, ரசீது ஆவணம் போட்டு நீக்கப்படாமல் வில்லங்கத்தில் அப்படியே நிற்கும். வாங்குபவரின் வக்கீல் அதைக் கண்டுபிடித்து விலையைக் குறைக்கும் முன் உங்கள் வக்கீல் கண்டுபிடிப்பது நல்லது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குபவர் 1% டி.டி.எஸ் பிடித்துக்கொண்டுதான் தருவார். அது உங்கள் பான் நம்பரில் ஏறியதா என்று பாருங்கள். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் டி.டி.எஸ் கணக்கே தனி. அங்கே ஆடிட்டரும் சேர வேண்டும்.

இவ்வளவையும் எப்போது செய்வது? அட்வான்ஸுக்கு முன்னால். 'இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க, இன்னைக்கே டோக்கன் போட்டுடுங்க' என்று புரோக்கர் அவசரப்படுத்துவார். டோக்கன் கொடுத்தே ஆகவேண்டிய நிலைமை என்றால் சின்னத் தொகையாக, பேங்க் மூலமாக மட்டும் கொடுங்கள். 'வாங்குபவரின் வக்கீல் ஆவணங்களில் குறை கண்டால் முழுத் தொகையும் இத்தனை நாளுக்குள் திருப்பித் தரப்படும்' என்ற வரியை எழுதி, விற்பவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய அட்வான்ஸ் கைமாறும் விற்பனை ஒப்பந்தத்தைத் தமிழ்நாட்டில் பதிவும் செய்ய வேண்டும். 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வீட்டு பீரோவில் வைத்துக்கொள்கிற விஷயம் இல்லை. அந்த ஒரு வரிக்குக் கையெழுத்துப் போட விற்பவர் தயங்கினால், டோக்கனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவர் ஏன் தயங்குகிறார் என்பதை உங்கள் வக்கீலை விசாரிக்கச் சொல்லுங்கள்.