இரண்டாம் பிறந்தநாளில் எஞ்சும் சீர்

குழந்தை பிறந்த செய்தி உறவினர்களுக்கு எட்டிய சில வாரங்களுக்குள் அந்த வீட்டில் வந்து சேரும் பொருள்களை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். உள்ளங்கை அகலச் சட்டைகள், குல்லாயும் கையுறையும் காலுறையும் அடுக்கிய பெட்டிகள், எண்ணெய், பவுடர், சோப்பு அடங்கிய அன்பளிப்புத் தொகுப்புகள், குடைபோல் விரியும் கொசுவலைகள், பஞ்சு பொதிந்த பொம்மைகள். ஆறு மாதம் கழித்து அதே வீட்டுக்குப் போனால் இவற்றில் பெரும்பகுதி பரணுக்குப் போயிருக்கும். குழந்தையோ உட்கார்ந்து, தவழ்ந்து, எதையேனும் பற்றிக்கொண்டு எழ முயன்றுகொண்டிருக்கும். அதற்கு இப்போது வேண்டியவை வேறு. அவற்றை யாரும் கொண்டுவருவதில்லை. பெற்றோர்தாம் வாங்க வேண்டும்.

இதற்கு அடிப்படைக் காரணம் உடல் வளர்ச்சியின் கணக்கு. பிறக்கும்போது ஏறத்தாழ 3 கிலோ இருக்கும் குழந்தை ஐந்தாறு மாதங்களில் இருமடங்காகிறது. ஓராண்டு நிறையும்போது ஏறக்குறைய மும்மடங்கை எட்டுகிறது. 50 சென்டிமீட்டர் நீளத்தில் பிறப்பது முதலாண்டில் 25 சென்டிமீட்டர் வளர்கிறது. அடுத்த ஆண்டில் வளர்ச்சி 12 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. எடையும் இரண்டு, இரண்டரைக் கிலோவே கூடுகிறது. ஆகவே, பிறந்த குழந்தைக்கென அளவெடுத்துத் தைத்த எதுவும் இரண்டு மூன்று மாதங்களுக்கு மேல் தாங்காது. ஒன்றரை வயதுக்கான சட்டையோ ஒரு முழு ஆண்டு உடுத்தப்படும். ஒரே விலையுள்ள இரண்டு சட்டைகளில் எது மலிவானது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

நம் பழைய சீர்வரிசை முறையை இந்தக் கோணத்தில் பார்க்கத் தோன்றுகிறது. பிறக்கும் முன்பே எதையும் வாங்கி வைக்கலாகாது என்ற நம்பிக்கை பல குடும்பங்களில் உண்டு. பிறந்த பின்னர் காப்பு அணிவித்தல், தொட்டிலிடுதல், சோறூட்டல், ஆண்டு நிறைவு, தாய்மாமன் மடியில் அமர்த்திக் காது குத்துதல் என்று சடங்குகள் வரிசையாக வந்தன. இன்னாருக்கு இன்ன கடமை என்பதும் ஓரளவு வகுக்கப்பட்டிருந்தது. சீர் என்ற பெயரில் ஏழைத் தாய்வீட்டின் மீது ஏற்றப்பட்ட சுமையை மறந்து இதைப் புகழ வேண்டியதில்லை. ஆனால், அன்பளிப்புகள் ஒரே மாதத்தில் குவியாமல், குழந்தையின் வயதோடு சேர்ந்து மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பரவி வந்தன என்பது அம்முறையின் அறிவார்ந்த பகுதி. இன்று சடங்குகள் எஞ்சியிருக்கின்றன. அவற்றின் செலவு மண்டபத்துக்கும் விருந்துக்கும் போய்விடுகிறது.

அமெரிக்காவில் பெற்றோராகப் போகிறவர்கள் தமக்குத் தேவையானவற்றை ஒரு கடையில் பட்டியலாகப் பதிந்து வைக்கிறார்கள். வாழ்த்த வருபவர்கள் அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்து வாங்கித் தருகிறார்கள். கேட்டு வாங்குவது நாகரிகமா என்று நம்மவர் தயங்குவர். ஒரே மாதிரிப் போர்வை ஏழு வந்து சேர்வதைவிட, ‘என்ன வேண்டும்?’ என்று கேட்கும் நெருங்கிய உறவினரிடம் உள்ளதைச் சொல்வதில் குறைவொன்றும் இல்லை. அப்படிச் சொல்லும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: குழந்தையின் இரண்டாம் பிறந்தநாளன்று இந்தப் பொருள் எங்கே இருக்கும்?

இந்தக் கேள்வியில் முதலில் தோற்பது குடைக் கொசுவலை. குப்புற விழுந்து உருளத் தொடங்கிய குழந்தை அதற்குள் அடங்காது. நான்கைந்து மாதங்களில் அதன் பயன் முடிந்துவிடும். கட்டிலையோ பாயையோ முழுவதும் மூடும் பெரிய கொசுவலை, தாயும் குழந்தையும் சேர்ந்து உறங்கப் பல ஆண்டுகள் உதவும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. பகல் உறக்கம் உள்ள வயது முழுவதும், அதாவது மூன்று நான்கு வயது வரை, வலை தேவைப்படுகிறது.

தலையணை, மெத்து மெத்தென்ற விரிப்பு, படுக்கையைச் சுற்றி அடுக்கும் பஞ்சு உருளைகள் ஆகியவற்றை முதல் ஆண்டில் தவிர்ப்பதே நல்லது. கைக்குழந்தை சமதளமான, உறுதியான படுக்கையில் மல்லாந்து உறங்க வேண்டும் என்பது குழந்தை மருத்துவர்களின் நெடுநாள் அறிவுரை. மென்மையான பொருள்கள் மூச்சை அடைக்கக்கூடும். தலை உருண்டையாக வர வேண்டுமென்று தரப்படும் கடுகுத் தலையணையும் இதில் சேரும். நம் வீட்டுத் தூளியைப் பற்றியும் ஒரு சொல். பழைய பருத்திச் சேலை ஒன்றும் விட்டத்தில் ஒரு கொக்கியும் போதும். செலவே இல்லாத இந்தப் படுக்கை குழந்தையோடு சேர்ந்து விரிந்துகொடுக்கிறது. ஆனால், எழுந்து நிற்கப் பழகிய குழந்தை சேலையை முறுக்கி விளையாடினால் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அந்த வயதுக்குப் பின் தூளியருகே குழந்தையைத் தனியே விடலாகாது.

நடைவண்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரே வேலைக்கென்று சொல்லி விற்கப்படும் இரு பொருள்களில் ஒன்று ஏன் நிலைக்கிறது, மற்றொன்று ஏன் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. திருவிழாக் கடைகளில் விற்கும் மர நடைவண்டிக்கு மூன்று சக்கரங்கள், பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை. குழந்தை அதன் பின்னால் நின்று, தன் எடையைத் தன் கால்களில் தாங்கித் தள்ளுகிறது. இதற்கு மாறாக, கடைகளில் ‘வாக்கர்’ என்று விற்கப்படுவது நடுவே இருக்கை உள்ள சக்கர வளையம். அதில் அமர்ந்த குழந்தையின் எடையை இருக்கை தாங்குகிறது. குழந்தை நுனிக்கால்களால் உந்துகிறது. அதனால் நடை விரைவில் வருவதில்லை. தாமதம் ஆகலாம் என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒரே வினாடியில் மூன்றடிக்கு மேல் பாயும் அந்த வளையத்தை, அருகில் இருக்கும் தாய்கூடப் பாய்ந்து பிடிக்க முடியாது.

‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் 2018ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, 1990 முதல் 2014 வரை அமெரிக்காவில் 15 மாதத்துக்குக் குறைந்த ஏறத்தாழ 2,30,000 குழந்தைகள் இதனால் காயமுற்று அவசர சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்டதாக மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தலையிலும் கழுத்திலும் அடி; முக்கால் பங்கினர் படிக்கட்டில் உருண்டவர்கள். கனடா 2004ஆம் ஆண்டிலேயே இதன் விற்பனையைத் தடைசெய்தது. நம் ஊரில் இதை இன்றும் அன்போடு வாங்கித் தருகிறார்கள். மாடிப்படியும் உயர்ந்த வாசற்படியும் உள்ள வீட்டில் இதைவிடத் தகாத பரிசு இருக்க முடியாது. மர நடைவண்டியோ பத்து மாதத்தில் பற்றி நடக்கவும், ஒன்றரை வயதில் பொம்மைகளை ஏற்றி இழுக்கவும், அதன் பின் தம்பி தங்கைக்கும் உதவும். வாங்கும்போது சக்கரம் வழுவழுப்பாக ஓடிவிடாமல் சற்று இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

உண்கலங்களுக்கு வருவோம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அதன் பின் இணை உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பால்புட்டிகளை விளம்பரப்படுத்துவதையும், விற்பனையைப் பெருக்க அன்பளிப்பாகத் தருவதையும் 1992ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடைசெய்திருக்கிறது. சட்டம் நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது, அத்தைமார்களை அல்ல. எனினும் அவர்களும் யோசிக்கலாம். தாய்ப்பாலைப் பிழிந்து புகட்ட வேண்டி வந்தால் மூக்கு வைத்த பாலாடையோ சங்கோ போதும்; கழுவுவதும் எளிது. ஆறு மாதத்துக்குப் பின் பயன்படுவது சிறிய எவர்சில்வர் டம்ளரும், விளிம்பு உயர்ந்த கிண்ணமும், குட்டைக் காம்புக் கரண்டியும். பாத்திரத்தில் பெயரும் தேதியும் வெட்டித் தருவது நம் வழக்கம். அப்படி வெட்டிய கிண்ணம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் பயன்படும்; அதற்குப் பிறகும் அடுக்களையில் இருக்கும்.

அமர்ந்து உண்ணும் நாற்காலியிலும் இதே கதைதான். நார்வேயின் பீட்டர் ஓப்ஸ்விக் 1972இல் வடிவமைத்த ‘டிரிப் டிராப்’ என்னும் மர நாற்காலியில் இருக்கையையும் காலடிப் பலகையையும் வேண்டிய உயரத்துக்கு மாற்றலாம். குழந்தை வளர வளர நாற்காலியும் இடம் கொடுக்கும். நம் நாட்டில் அதன் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாதது. தரையில் அமர்ந்து உண்ணும் வீட்டில் அதற்குத் தேவையும் இல்லை. ஒரு மணைப்பலகை போதும். இரண்டு வயதில் கை கழுவும் தொட்டியை எட்டிப்பிடிக்க வழுக்காத ஒரு குட்டை முக்காலி பயன்படும். தச்சரிடம் சொன்னால் சில நூறு ரூபாயில் ஆகும் வேலை.

விளையாட்டுப் பொருள்களில் எளியவையே நீடிக்கின்றன. பொத்தானை அழுத்தினால் பாடும் பொம்மைக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான். ஒரு மாதத்தில் குழந்தைக்கும் சலித்துவிடும், பெற்றோருக்கு அதற்கு முன்பே சலித்துவிடும். மரக்கட்டைகளை எட்டு மாதக் குழந்தை ஒன்றோடொன்று தட்டும். ஒன்றரை வயதில் அடுக்கும். மூன்று வயதில் அதுவே வீடும் கோயிலும் ஆகும். மரப்பாச்சியும் அப்படியே. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களின் மீது எவ்வளவு ஆசை இருந்தாலும், வாய்க்குள் அடங்கும் சிறு துண்டுகளை மூன்று வயது வரை எடுத்து வைத்துவிட வேண்டும். 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து, 14 வயதுக்குக் குறைந்தோருக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. தெருவோரம் வாங்கும் வண்ணப் பொம்மையில் அந்த முத்திரையைத் தேடிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. தடித்த அட்டைப் புத்தகங்கள் இரண்டு மூன்று இருக்கட்டும். அவற்றை ஆறு மாதத்தில் கடிக்கும், ஒரு வயதில் புரட்டும், இரண்டு வயதில் ‘இது என்ன?’ என்று கேட்கும்.

விலை உயர்ந்தது என்று பார்த்தால் காரில் பொருத்தும் குழந்தை இருக்கை. நண்பர்கள் சேர்ந்து வாங்கித் தரத் தகுந்தது இதுதான். கைக்குழந்தைக்கு மட்டுமான கூடை வடிவ இருக்கை 13 கிலோவோடு, பெரும்பாலும் அதற்கு முன்பே, முடிந்துவிடும். முதலில் பின்னோக்கியும் பிறகு முன்னோக்கியும் திருப்பிப் பொருத்தத்தக்க இருக்கை 18 கிலோ வரை, அதாவது நான்கு வயதளவும் வரும். 14 வயதுக்குக் குறைந்த குழந்தையை இருக்கைப் பட்டையோ பாதுகாப்பு இருக்கையோ இன்றிக் காரில் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. நம்மில் பெரும்பாலோர் செல்வது இருசக்கர வாகனத்தில். 2022இல் அறிவிக்கப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த மத்திய விதியின்படி, நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தையை ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை தேவை. ஒன்பது மாதத்திலிருந்து தலைக்கவசம் தேவை. வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்தப் பட்டை 30 கிலோ வரை தாங்க வேண்டும் என்பதால் ஒருமுறை வாங்கினால் போதும். முதல் பிறந்தநாளுக்கு ஒரு நல்ல தலைக்கவசமும் பட்டையும் பரிசாக வந்த வீட்டைப் பார்ப்பது அரிது.

அரசின் பரிசுகளுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். பின்லாந்து 1938இல் வசதி குறைந்த தாய்மாருக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் மகப்பேற்றுப் பெட்டியை வழங்கி வருகிறது. கருவுற்ற நான்காம் மாதம் முடிவதற்குள் மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்பது நிபந்தனை. பொருளைக் காட்டி மருத்துவத்துக்கு அழைத்துவந்த திட்டம் அது. தமிழகம் 2015இல் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கென 16 பொருள்கள் அடங்கிய, 1,000 ரூபாய் மதிப்புள்ள பரிசுப் பெட்டகத்தைத் தொடங்கியது. துண்டு, சட்டை, சிறு படுக்கை, கொசுவலை, நகவெட்டி, கிலுகிலுப்பை, கை கழுவும் திரவம், தாய்க்குச் சுண்டி லேகியம் என முதல் வாரங்களுக்கு ஏற்ற நல்ல தேர்வுகள். அதைக் குறைத்து மதிப்பிடக் காரணம் இல்லை.

ஆனால், அதே குழந்தை ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசிக்கும், 16 முதல் 24 மாதங்களுக்குள் ஊக்கத் தவணைகளுக்கும் மீண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறது, வர வேண்டும். பிறந்த நாளிலேயே எல்லாவற்றையும் கொடுத்து முடிக்காமல், ஒன்பதாம் மாத ஊசியன்று ஒரு சிறு பை கொடுக்கலாம். ஒரு எவர்சில்வர் கிண்ணம், டம்ளர், கரண்டி, ஒன்றரை வயதுக்கான இரண்டு பருத்திச் சட்டைகள், ஒரு வெப்பமானி, தமிழில் ஓர் அட்டைப் புத்தகம். குடைவலைக்குப் பதிலாக, இருவர் படுக்கும் அளவுக்கு ஒரு கொசுவலை.