கூப்பிட்டால் திரும்பாத இரண்டு குழந்தைகள்

ஒன்றரை வயது தாண்டியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை திரும்புவதில்லை, பேச்சும் வரவில்லை என்றால் வீட்டில் இரண்டு பேச்சுகள் எழும். “காது மந்தமோ?” என்பது ஒன்று. “அவங்கப்பாவே மூணு வயசுலதான் வாயத் திறந்தாரு” என்பது இன்னொன்று. பெரும்பாலும் இரண்டாவதுதான் ஜெயிக்கிறது. அந்த ஆறுதலிலேயே ஒரு வருடம் ஓடிவிடுகிறது.

திரும்பாமைக்குப் பின்னால் செவித்திறன் குறைவு இருக்கலாம், ஆட்டிசமும் இருக்கலாம். இந்தக் குழப்பம் வீட்டோடு நிற்பதில்லை. 1943-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் மனநல மருத்துவர் லியோ கன்னர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் தனி நிலையாக அறியப்பட்டது. அந்தக் குழந்தைகளிலேயே சிலரைக் காது கேளாதவர்களோ என்று முதலில் சந்தேகித்திருந்தார்கள்.

இரண்டையும் பிரித்தறிய, குழந்தை திரும்புகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. திரும்பாத நேரத்தில் அது என்ன செய்கிறது என்று கவனிக்க வேண்டும்.

காது கேளாத குழந்தை பெரும்பாலும் கண்ணால் பேசும். அம்மாவின் முகத்தையும் உதட்டசைவையும் விடாமல் பார்க்கும். வானத்தில் விமானம் போனால் விரல் நீட்டிக் காட்டிவிட்டு, ‘நீயும் பார்த்தாயா’ என்பதுபோல் அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். தண்ணீர் வேண்டுமென்றால் குடிப்பதுபோல் சைகை செய்யும். யாரும் சொல்லித்தராமலே தனக்கென்று ஒரு சைகை மொழியை உண்டாக்கிக்கொள்ளும். பேச்சு இல்லை, ஆனால் சொல்ல வேண்டும் என்ற துடிப்பு இருக்கிறது.

ஆட்டிசம் உள்ள குழந்தையிடம் தடைபடுவது பெரும்பாலும் இந்தப் பகிர்தல்தான். பிஸ்கட் வேண்டுமென்றால் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய் டப்பாவின் மேல் வைக்கும், முகத்தைப் பார்க்காது. விளம்பரப் பாட்டு அடுத்த அறையில் கேட்டால் ஓடிவரும், பெயரைச் சொன்னால் அசையாது. குக்கர் விசிலுக்கும் மிக்ஸி சத்தத்துக்கும் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தையைச் செவிடு என்று நினைக்க முடியுமா? சில குழந்தைகள் வந்த சொற்களையும் இழந்துவிடுகின்றன. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: “கண்ணப் பாக்குறான், கட்டிப்பிடிக்கிறான், அப்ப ஆட்டிசம் இல்ல” என்று ஒதுக்குவது சரியல்ல. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகள் பாசமாக ஒட்டிக்கொள்பவர்கள்தான்.

இவ்வளவும் வீட்டில் கவனிக்கக்கூடியவை. ஆனால் வீட்டிலேயே முடிவுக்கு வருவது ஆபத்து, அதிலும் காது விஷயத்தில். முதுகுக்குப் பின்னால் தட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். குழந்தை திரும்பியதும் நிம்மதியாகிவிடுவார்கள். அது அதிர்வை உணர்ந்து திரும்பியிருக்கலாம், நிழலைப் பார்த்துத் திரும்பியிருக்கலாம். தடித்த ஒலிகள் கேட்டு ‘ச’, ‘ஸ’ போன்ற மெல்லிய ஒலிகள் மட்டும் கேட்காத குறையும் உண்டு. அத்தகைய குழந்தை கதவு அறைந்தால் திரும்பும்; பேச்சு மட்டும் அதற்குத் தெளிவாக விளங்காது. அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டால், ஒரு வாரம் நன்றாகக் கேட்டு அடுத்த வாரம் மந்தமாகும். ‘இஷ்டம் இருந்தா திரும்புறான்’ என்ற பழி அப்படியும் வருகிறது. காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் ‘ஆ, ஊ’ என்று குரல் கொடுக்கும் என்பதால் சந்தேகமே எழாமல் போகிறது. ‘பாபா’, ‘மாமா’ என்று அடுக்கும் மழலைதான் அதற்குத் தாமதமாகும்.

காதுக்குக் கருவி வழியான சோதனைகள் உள்ளன. ஓ.ஏ.ஈ. என்ற சோதனை, உள்காது ஒலிக்குத் தரும் எதிரொலியைப் பதிவு செய்கிறது. பெரா என்ற சோதனை, செவி நரம்பு வழியே மூளைத்தண்டு வரை செல்லும் சமிக்ஞையை அளக்கிறது. குழந்தை தூங்கும்போதே எடுத்துவிடலாம். பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகளவில் ஏற்கப்பட்ட இலக்கு. பேச்சொலியை உள்வாங்கும் மூளைப் பாதைகள் முதல் சில ஆண்டுகளில்தான் வேகமாக உருவாகின்றன என்பதே இந்த அவசரத்துக்குக் காரணம். குறைப்பிரசவம், கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல், நெருங்கிய சொந்தத்தில் திருமணம் ஆகியவை இருந்த வீடுகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

ஆட்டிசத்துக்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பயிற்சி பெற்றவர் குழந்தையோடு விளையாடி, பெற்றோரிடம் விரிவாகக் கேட்டுத்தான் முடிவுக்கு வர முடியும். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான எம்-சாட் என்ற 20 கேள்விப் பட்டியல் ஒரு வடிகட்டிதான், அதுவே தீர்ப்பாகாது. முடிவு வரும்வரை பேச்சுப் பயிற்சியை ஒத்திப்போட வேண்டியதும் இல்லை. மாவட்டங்களில் டி.இ.ஐ.சி. என்ற ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உள்ளன. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் வரும் அவற்றில் இரண்டு சந்தேகங்களையும் காட்டலாம்.

எது என்று தோன்றினாலும் காதுச் சோதனைதான் முதலில் என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் நம் குழந்தைகள் பலரும் தவறவிடப்படுவது அதற்கு அடுத்த படியில்தான். “காது நார்மல்” என்று அறிக்கை வருகிறது. குடும்பம் நிம்மதியோடு பஸ் ஏறிவிடுகிறது. அறிக்கை வாங்கிய இடத்திலேயே நின்று, “காது நல்லா இருக்குன்னா ஏன் டாக்டர் திரும்ப மாட்டேங்கிறான்?” என்று கேட்க வேண்டும். குறை இருப்பதாக அறிக்கை வந்தாலும், செவிக்கருவி பொருத்திச் சில மாதங்களாகியும் குழந்தை முகம் பார்க்கவில்லை, விரல் நீட்டவில்லை என்றால் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். இரண்டும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தே இருக்கக்கூடும்.