அண்ணல் வளர்ந்த இல்லம்

அண்ணல் அம்பேத்கரின் பிள்ளைப் பருவத்தை நம் மேடைகளில் எடுத்துரைப்போர், பெரும்பாலும் அவர் அடைந்த இழிவுகளிலிருந்தே தொடங்குவர். வகுப்பில் கோணித் துண்டை விரித்துத் தனியே அமர்ந்ததும், பள்ளிச் சேவகன் வந்து குழாயைத் திறந்துவிட்டாலன்றித் தாகம் தணிக்க இயலாது நின்றதும் நம் பிள்ளைகளுக்குக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிவிட்டன. அவை மறக்கத்தக்கவை அல்ல. ஆயினும் பள்ளி விட்டதும் அச்சிறுவன் திரும்பிச் சென்ற வீடு ஒன்று இருந்தது. அங்கே யார் யார் இருந்தனர், எதைப் பாடினர், எதற்குப் பூசலிட்டனர் என்று நாம் கேட்பதே இல்லை. அவமதிப்பு ஒருவனுக்குச் சினத்தைத் தரலாம். அறிவைத் தருவதற்கு வீடு வேண்டும். இவ்வெள்ளி விழா மலரில் அவ்வீட்டைப் பற்றிச் சிறிது எழுத விழைகிறேன்.

இரத்தினகிரி மாவட்டத்து அம்பாவடே என்னும் சிற்றூர் அக்குடும்பத்தின் பூர்வீகம். பாட்டனார் மாலோஜி சக்பால் படையில் பணியாற்றியவர். தந்தையார் ராம்ஜியும் படையில் சேர்ந்து சுபேதார் நிலைக்கு உயர்ந்தவர்; படையினருக்கான பள்ளியில் பல்லாண்டுகள் தலைமையாசிரியராக இருந்தவர். அந்நாளில் படைக் குடியிருப்புகளில் வாழ்ந்த குடும்பங்களின் ஆண்மக்களும் பெண்மக்களும் கல்வி பெற வேண்டும் என்னும் ஏற்பாடு இருந்தது. ஊருக்குள் நூலைத் தொடவும் கூடாதெனத் தடுக்கப்பட்ட குலத்தில், இவ்வீட்டில் மட்டும் பெண்டிரும் எழுத்தறிந்தவராய் இருந்தமைக்கு இதுவே காரணம். 1892ஆம் ஆண்டையொட்டி மகார் மக்களைப் படையில் சேர்ப்பதை அரசு நிறுத்தியபோது, ராம்ஜி ரானடே அவர்களின் துணையோடு விண்ணப்பம் அனுப்பிப் போராடினார். நம்மவர் முன்னேறியதற்குக் காரணமாயிருந்த வாயில் அடைபடுவதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் படைவீட்டில் ராம்ஜிக்கும் பீமாபாய்க்கும் 14ஆவது குழந்தையாகப் பிறந்தவர் பீமராவ். அக்குழந்தைகளுள் பலர் இளமையிலேயே மறைந்தனர். பிறப்பும் இறப்பும் மாறி மாறி வந்த வீடு அது. ஓய்வு பெற்ற ராம்ஜி மாதம் 50 ரூபாய் ஓய்வூதியத்துடன் முதலில் தாபோலிக்கும் பின்னர் சதாராவுக்கும் குடிபெயர்ந்தார். பீமராவுக்கு ஏறத்தாழ ஐந்து வயதாகையில் தாயார் பீமாபாய் சதாராவில் காலமானார்.

அதன் பின்னர் அவ்வீட்டை நடத்த வேண்டியவர் ராம்ஜியின் உடன்பிறந்தாளாகிய மீராபாய் அத்தை. அவரைப் போல் இரக்கமுடையாரைத் தாம் கண்டதில்லை என்று பிற்காலத்தில் அண்ணல் எழுதினார். ஆனால் அந்த அம்மையாரால் எழுந்து நடமாடுவதே அரிது. பல வேளைகளில் பிறர் தூக்கிவிட வேண்டியிருந்தது. அவ்வேளையில் கோரேகாவ் என்னும் இடத்தில், பஞ்சத்தால் மடிந்துகொண்டிருந்த மக்களுக்கு வேலையளிக்க அரசு ஏரி தோண்டும் பணியைத் தொடங்கியிருந்தது. ராம்ஜி அங்கே காசாளராய்ப் போய்விட்டார். தமக்கையர் மணமுடித்துத் தத்தம் இல்லங்களில் இருந்தனர். சதாரா வீட்டில் எஞ்சியோர் பீமராவ், அவருடைய தமையன், இறந்துபோன மூத்த தமக்கையின் புதல்வர் இருவர், நடக்கவியலாத அத்தை ஆகியோரே. நான்கு சிறுவரும் பள்ளிக்குச் சென்றனர். அவர்களே அடுப்பும் மூட்டினர். ரொட்டி தட்டத் தெரியாமையால் அரிசியையும் ஆட்டிறைச்சியையும் ஒன்றாய்க் கலந்து வேகவைத்துப் புலவு ஆக்கி, அதையே உண்டு வந்தனர். ராம்ஜி கபீர் நெறியைத் தழுவி மதுவையும் புலாலையும் விலக்கியவர் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். தந்தை ஊரில் இல்லாதபோது பிள்ளைகளின் சமயம் சற்று வேறாக இருந்தது போலும்!

1901ஆம் ஆண்டுக் கோடையில் அந்தச் சிறுவர்கள் தந்தையைக் காண இரயிலேறிய கதையை நீங்கள் அறிவீர்கள். மசூர் நிலையத்தில் அழைத்துச் செல்ல ஆள் வராமல் நின்றதும், மகார் என்று அறிந்ததும் வண்டிக்காரர் மறுத்ததும், இருமடங்கு கூலி தந்து தாமே வண்டியை ஓட்டியதும், இரவெல்லாம் குடிக்க நீரின்றித் தவித்ததும் அண்ணலே எழுதி வைத்துள்ளார். அதே கட்டுரையில் நாம் கவனியாது கடக்கும் செய்திகள் இரண்டு உண்டு. ஒன்று, அப்பயணத்திற்காக அவர்கள் செய்த ஆயத்தம்: சீமைத் துணியில் சட்டை, பளபளக்கும் தொப்பி, புதிய மிதியடி, பட்டுக்கரை வேட்டி. தகப்பனைக் காணப் போகும் பிள்ளைகள் திருவிழாவுக்குச் செல்வோர் போல் உடுத்தியிருந்தனர். மற்றொன்று, ஆள் வராமைக்கான காரணம். பிள்ளைகள் எழுதிய கடிதத்தை ராம்ஜியிடம் கொடுக்க அவருடைய பணியாள் மறந்துவிட்டான். அவ்வளவுதான். எந்த வீட்டிலும் நிகழும் சிறு குளறுபடி. மற்றச் சாதியார் வீட்டில் அது ஒருநாள் சிரிப்போடு போயிருக்கும். நம் வீட்டில் அது பிள்ளைகளை இரவெல்லாம் தவிக்க விட்டது.

இவ்வளவு ஒழுங்கின்மைக்கு நடுவிலும் அவ்வீட்டில் தவறாது நடந்தது ஒன்றுண்டு. ராம்ஜி இல்லத்தில் இருக்கும் நாள்களில் மாலைதோறும் வழிபாடு நடைபெறும். கபீரின் பாடல்களும், துக்காராம், மோரோபந்த் முதலிய மராட்டியப் புலவர்களின் செய்யுள்களும் அவர் நாவில் தவழ்ந்தன. தந்தையும் தமக்கையரும் இசைந்து பாடுகையில் வீடு முழுவதும் ஓர் அமைதி படர்ந்ததை அண்ணல் முதுமையிலும் மறந்தாரில்லை. கபீர் யார்? தறியில் அமர்ந்து நெய்துகொண்டே பாடியவர். பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பித்தாரை எள்ளி நகைத்தவர். அவர் பாடலைத் தினமும் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு, ஊரார் தன்னை இழிந்தவன் என்று கூறுகையில், அதற்கு மறுமொழியாக ஓர் இசை முன்பே காதில் இருந்தது.

ஆயினும் அவ்வில்லத்தை அன்பின் சோலை என்று மட்டும் வருணித்துவிட்டால் அது வரலாறாகாது. ராம்ஜி மறுமணம் புரிந்தார். தன்னைப் பெற்றவளின் நகைகளைச் சிற்றன்னை அணிந்திருக்கக் கண்ட பீமராவுக்கு அது பொறுக்கவில்லை. தந்தையின் சோற்றை இனி உண்பதில்லை, பம்பாய் சென்று ஆலையில் கூலியாளாகச் சேர்வது என்று சிறுவன் தீர்மானித்தான். வழிச்செலவுக்குப் பணம்? அருகில் படுத்துறங்கும் அத்தையின் இடுப்பில் செருகியிருந்த பணப்பைதான் கண்ணில் பட்டது. மூன்று இரவுகள் முயன்றும் கைகூடவில்லை. நான்காம் இரவு பை கைக்கு வந்தது. திறந்து பார்த்தால் அதில் இருந்தது அரையணா! அந்த வெட்கத்தில்தான், திருட்டை விட்டுக் கருத்தூன்றிப் படித்து விரைவில் தன் காலில் நிற்பது என்ற உறுதி பிறந்ததாக அண்ணலே கூறியிருக்கிறார். மாமனிதரின் வாழ்வில் இத்தகைய நிகழ்ச்சியை மறைத்துவிட எண்ணும் அன்பர்கள் உண்டு. அவரே மறைக்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

பின்னர்க் குடும்பம் பம்பாய்க்கு வந்தது. பரேல் பகுதியில், ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த டபக் சால் என்னும் குடியிருப்பில் ஓர் அறை. அதுவே சமையற்கட்டு, அதுவே படுக்கையறை, அதுவே படிப்பறை. ஏனங்களும் விறகும் அடைந்து கிடக்க, அடுப்புப் புகை சூழ்ந்த அவ்வறையில் தலைமாட்டில் மாவரைக்கும் திரிகை, கால்மாட்டில் வெள்ளாடு என்ற நிலையில் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியின் மாணவர் உறங்கினார். இருவர் ஒருங்கே படுக்க இடமில்லை. ஆகவே மகனை முன்னிரவிலேயே உறங்கச் சொல்லிவிட்டு ராம்ஜி விழித்திருப்பார். இரவு 2 மணிக்கு மகனை எழுப்பிக் கண்ணாடிக் கூடு இல்லாத மண்ணெண்ணெய் விளக்கின் முன் அமர்த்திவிட்டு, அவன் படுத்த இடத்தில் தாம் சாய்வார்.

அந்த அறையைப் புகழ்ந்து பேசுவாரும் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. புகையும் நெருக்கடியும் எவரையும் மேதையாக்கியதில்லை. அத்தகைய அறைகளில் படிப்பைக் கைவிட்டவர் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. நம் தெருக்களில், ஒரே அறையில் தாய் சமைக்க, தங்கை அழ, பக்கத்து வீட்டில் பறை தட்டிப் பார்க்க, அதற்கிடையே தேர்வுக்குப் படித்தவர்களுக்கு இதன் உண்மை விளங்கும். அவ்வறையில் போற்றத்தக்கது ஒன்றே: 2 மணி வரை ஒருவர் விழித்திருந்தார்.

நூல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மகன் பாடநூலோடு நில்லாமல் வேறு நூல்களையும் கேட்டுக்கொண்டே இருந்தான். ராம்ஜியின் கையில் பணமிராது. உடனே இளைய மகளின் வீட்டுக்கு விரைவார். மூன்று நான்கு ரூபாய் கடன் கேட்பார். அவளிடம் இல்லையெனில் மூத்தவளிடம் போவார். அவளிடமும் பணம் இல்லையெனில், திருமணத்தின்போது வந்த நகையொன்றை வாங்கிச் சென்று மார்வாரியிடம் அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். பின்னாளில் பம்பாய் தாதரில் இராஜகிருகம் என்னும் மாளிகையில் நாடறிந்த நூலகமாய் வளர்ந்த அந்த நூற்செல்வத்தின் முதல் நூல்கள் இவ்வாறு வாங்கப்பட்டவை. தந்தையின் தியாகத்தை எல்லா வரலாற்று நூல்களும் கூறுகின்றன. நகையைக் கழற்றித் தந்த மஞ்சுளாவுக்கும் துளசாவுக்கும் நாம் எத்தனை கூட்டங்களில் நன்றி சொல்லியிருக்கிறோம்?

அவ்வீட்டின் கலைச் செல்வத்துக்குள்ளேயே ஒரு முள்ளும் இருந்தது. ராம்ஜி பீமராவையும் அவருடைய தமையனையும் நாள்தோறும் பாரதத்திலும் இராமாயணத்திலும் ஒரு பகுதியை உரக்கப் படிக்கச் செய்வார். தமக்கையரும் வீட்டுக்கு வந்து கூடியவர்களும் அமர்ந்து கேட்பர். பல்லாண்டுகள் இது தொடர்ந்தது. இதற்கிடையே, பீமராவ் தேர்வில் வென்றதைப் பாராட்ட நம் மக்கள் கூட்டமொன்று நடத்தினர். அது 1907இல் மெட்ரிகுலேஷன் தேர்ச்சியை ஒட்டி நடந்ததென வரலாற்றாசிரியர் பலர் எழுதுவர். அண்ணலோ ஆங்கில நான்காம் வகுப்புத் தேர்வையே குறிப்பிடுகிறார். பாராட்டினால் பையனுக்குத் தலைக்கனம் ஏறும் என்று தடுத்த ராம்ஜியை, அவருடைய நண்பர் கேலூஸ்கரே இணங்கச் செய்தார். அக்கூட்டத்தில் தாம் இயற்றிய புத்தர் வரலாற்றை அவர் சிறுவனுக்குப் பரிசளித்தார். அதைப் படித்து முடித்த மகன் தந்தையிடம் கேட்டான்: பார்ப்பனரையும் சத்திரியரையும் உயர்த்தி, சூத்திரரையும் தீண்டப்படாதாரையும் தாழ்த்தும் அக்கதைகளை எங்களை ஏன் படிக்கச் செய்தீர்கள்?

ராம்ஜி சினக்கவில்லை. தீண்டப்படாதார் குலத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாழ்வு மனப்பான்மை வருவது இயல்பு. அதை நீக்கவே அவற்றைப் படிக்கச் சொன்னேன் என்றார். எளிய நிலையிலிருந்து உயர்ந்த துரோணரையும் கர்ணனையும் காட்டினார். வால்மீகி கோலி குலத்தவர் என்றார். அந்த விடையில் ஓரளவு வலிமை இருப்பதை மகன் ஒப்பினான். ஆயினும் நிறைவு கொள்ளவில்லை. பீஷ்மரும் துரோணரும் வேடதாரிகள், கண்ணன் வஞ்சகத்தை நம்பியவன், வாலியிடத்தும் சீதையிடத்தும் இராமன் நடந்துகொண்ட முறை தகாதது என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனான். தந்தை மறுமொழி கூறாது இருந்துவிட்டார். மகனுள் கிளர்ச்சி பிறந்துவிட்டதை அவர் அறிந்துகொண்டார் என்று எழுதுகிறார் அண்ணல்.

இந்த உரையாடலை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. நம் ஊர்ச் சேரிகளிலும் பாரதக் கூத்து விடிய விடிய நடந்ததுண்டு. கர்ணன் வீழுகையில் அழாத தாய்மார் இல்லை. அந்த அழுகை நமக்கு உதவியதா, நம்மை அடக்கி வைத்ததா என்று நம்மிடையே இன்றும் வழக்காடுவோர் உளர். ராம்ஜியின் வீட்டில் அவ்வழக்கு தகப்பனுக்கும் மகனுக்கும் இடையே நடந்தது. இருவருள் எவரும் மற்றவரை வீட்டைவிட்டுத் துரத்தவில்லை. எதிர்த்துப் பேசும் சொல்வன்மையை மகனுக்கு அளித்ததே, அன்றாடம் உரக்கப் படித்த அந்தச் செய்யுள்கள்தாம் என்பதையும் மறுக்க இயலாது.

1913ஆம் ஆண்டு பட்டதாரியாகிப் பரோடாவில் பணியேற்ற சில நாள்களுக்குள், தந்தை நோயுற்றதாகத் தந்தி வந்தது. பம்பாய் திரும்பும் வழியில் சூரத்தில் இறங்கி, தந்தைக்கென இனிப்பு வாங்கப் போன பீமராவ் இரயிலைத் தவறவிட்டார். மறுநாள்தான் வீடு சேர்ந்தார். கண்களால் மகனைத் தேடிக்கொண்டிருந்த ராம்ஜி, அவர் முதுகைத் தடவியவாறே பிப்ரவரி 2 அன்று உயிர் நீத்தார். 1923இல் வெளியான ரூபாய்ச் சிக்கல் பற்றிய ஆராய்ச்சி நூலைப் பெற்றோர் நினைவுக்கே காணிக்கையாக்கினார் அண்ணல். தம் கல்வியின்பொருட்டு அவர்கள் செய்த தியாகத்துக்கு நன்றியாக என்று எழுதினார்.

முதுமையில் அவர் வயலின் பயின்றார், ஓவியத்திலும் கைவைத்தார். கபீரை, புத்தருக்கும் பூலேவுக்கும் இடையே தம் ஆசான்களுள் ஒருவராக வைத்தெண்ணினார். தந்தையோடு நடந்த அவ்வுரையாடலை 1956இல் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு எழுதிய முன்னுரையில்தான் பதிவு செய்தார். 1957இல் வந்த முதற்பதிப்பில் அம்முன்னுரை இடம்பெறவில்லை. அதனால் நம்மவர் பலர் அதை நெடுங்காலம் அறியாதிருந்தனர். 1956 டிசம்பர் 5 இரவு தில்லி இல்லத்தில் நிகழ்ந்தவற்றை அவருடைய செயலாளர் நானக் சந்த் ரத்து எழுதி வைத்துள்ளார். புத்த வணக்க இசைத்தட்டை ஒலிக்கச் செய்து கூடவே முணுமுணுத்தார். கைத்தடியை ஊன்றி நூல் அலமாரிகளைப் பார்த்தவாறே கபீரின் பாடல் ஒன்றைப் பாடினார். உறங்கப் போகுமுன், அந்நூலின் அறிமுகவுரையையும் முன்னுரையையும் மீண்டும் பார்வையிட வேண்டுமெனக் கேட்டு வாங்கி, படுக்கையருகே மேசைமேல் வைத்துக்கொண்டார்.