சுருளின் அளவும் கருவியின் ஆயுளும்: 120 படச்சுருளை முன்வைத்து

மீடியம் பார்மட் எனப்படும் பழைய ஒளிப்படக் கருவிகளை முதிய வயதிலும் விரும்பிக் கையாளும் ஆர்வலர் பலர் உள்ளனர். அக்கருவிகள் இன்றும் பயன்படுவதற்கு அவற்றின் உறுதி மட்டும் காரணமன்று. படச்சுருளின் வரலாறும் காரணம் என்பதை இக்கட்டுரை சுட்டுகிறது.

கோடக் நிறுவனம் 120 சுருளை 1901இல் இரண்டாம் எண் பிரௌனி பெட்டிக் கருவிக்காக வெளியிட்டது. 1929இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரிலிருந்து வந்த முதல் ரோலைபிளெக்ஸ் 117 சுருளை ஏற்றது. அதில் ஆறு படங்களே எடுக்க இயலும். பின்வந்த மாதிரிகள் 120க்கு மாறியதால் பன்னிரண்டு சதுரப் படங்கள் கிடைத்தன.

1930களின் தொடக்கத்தில் கோடக் 620 சுருளைப் புகுத்தியது. படலமும் காப்புத்தாளும் 120க்குரியவையே. சுற்றும் தண்டு மட்டும் மெலிந்தது. 1995இல் அதன் உற்பத்தியைக் கோடக் நிறுத்திய பின் அச்சுருளுக்கெனச் செய்த கருவிகள் பல காட்சிப்பொருளாயின. அவற்றைக் கைவிட மனமில்லாதோர் 120 படலத்தை இருளில் பழைய தண்டிற்குக் கையால் மாற்றிச் சுற்றுகின்றனர்.

ரோலைபிளெக்ஸ் போன்றவற்றில் முதுமை பெருந்தடையன்று. குனிந்து நோக்கும் தேய்த்த கண்ணாடித்திரையும் அதன்மேல் உயரும் உருப்பெருக்கியும் மங்கிய பார்வைக்குத் துணைநிற்கின்றன. காட்சி இடவலம் மாறித் தோன்றுவதும் படங்கள் பன்னிரண்டே என்பதும் நிதானத்தைப் பழக்குகின்றன.

எனவே கருவியின் ஆயுளை அதன் உலோகத்தைவிட அது உண்ணும் சுருளே தீர்மானிக்கிறது எனலாம். 120 உற்பத்தி நின்றால் கருவிகள் அருங்காட்சியகத்தில் எஞ்சலாம். அவற்றைக் கையாளும் பயிற்சி எஞ்சாது.